லேசர் டயோடைச் சாகடிக்காம கரண்ட் கொடுப்பது எப்படி?

என்னோட பென்சில் பாக்ஸ்ல மூணு லேசர் டயோடு இருக்கு. மூணுமே செத்துப்போனது. வெளியில இருந்து பார்த்தா புதுசுக்கும் இதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. சப்ளை கொடுத்தா வெளிச்சம் கூட வரும். ஆனா அது லேசர் இல்ல. பவர் பேங்க்ல எரியுற இண்டிகேட்டர் மாதிரி, சுவர்ல பரவலா விழுற ஒரு மங்கலான சிவப்பு, அவ்வளவுதான்.

மூணையும் கொன்னது நான்தான். தேர்ட் இயர்ல எங்க மினி ப்ராஜெக்ட், லேசர் வழியா பாட்டு அனுப்புறது. போன்ல ஓடுற பாட்டு லேசர் ஒளியில ஏறி, 3 மீட்டர் தள்ளி இருக்குற ஒரு சின்ன சோலார் பேனல்ல விழும். அந்தப் பேனல்ல இருந்து வர்ற சிக்னலை ஆம்ப்ளிஃபையர்ல கொடுத்தா ஸ்பீக்கர்ல பாட்டு கேட்கும். சிம்போசியம், எக்ஸ்போன்னு எங்க போனாலும் இந்த ப்ராஜெக்ட்டை யாராவது ஒரு டீம் வெச்சிருப்பாங்க. அவ்வளவு சுலபம்னு நினைச்சுத்தான் நாங்களும் எடுத்தோம். ஆம்ப்ளிஃபையர் ஒரே நாள்ல வேலை செஞ்சது. லேசருக்குச் சரியா கரண்ட் கொடுக்கத்தான் ரெண்டு வாரம் ஆச்சு.

இந்த வருஷம் ஜூனியர்ஸ் நாலு பேர் அதே சந்தேகத்தோட வந்தாங்க. ஒவ்வொருத்தருக்கா சொல்றதை விட எழுதியே வெச்சிடலாம்னுதான் இந்தக் கட்டுரை. ஒரு எல்லையை முதல்லயே சொல்லிடறேன். இதுல வர்ற கணக்கு எல்லாம் 650 நானோமீட்டர், 5 மில்லிவாட், சின்ன சிவப்பு டயோடுக்கு மட்டும். தீக்குச்சி கொளுத்துற லேசர் பத்தின கட்டுரை இது இல்ல. ஏன் இல்லைங்கிறதும் கடைசியில வரும்.

இதுவும் எல்.ஈ.டி. மாதிரிதானே?

நானும் அப்படித்தான் நினைச்சேன். ரெண்டுமே பி-என் ஜங்ஷன்தான். ரெண்டுலயும் எலக்ட்ரானும் ஹோலும் சேரும்போதுதான் ஒளி வருது. ஆனா எல்.ஈ.டி. தப்பை மன்னிக்கும். 20 மில்லி ஆம்ப் ஓட வேண்டிய இடத்துல 30 ஓடினா கொஞ்சம் சூடாகும், ஆயுள் குறையும், அன்னைக்கே செத்துப்போகாது. லேசர் டயோடு மன்னிக்காது. ஒரு மைக்ரோ செகண்டுக்கும் குறைவான நேரம் அளவுக்கு மேல கரண்ட் போனாலே கதை முடிஞ்சிடலாம்.

காரணம் புரியணும்னா ரெண்டு விஷயம் தெரியணும்.

முதல் விஷயம், த்ரெஷோல்டு கரண்ட். லேசர் டயோடுல கரண்டை 0-ல இருந்து மெதுவா ஏத்திக்கிட்டே போனா முதல்ல அது வெறும் எல்.ஈ.டி. மாதிரிதான் எரியும். ஒரு அளவு தாண்டின உடனே லேசராகும். நாங்க வாங்கின டயோடுக்கு அந்த அளவு சுமார் 20 மில்லி ஆம்ப். டேட்டாஷீட் சொன்ன வேலை செய்யுற கரண்ட் சுமார் 30 மில்லி ஆம்ப், அப்போ வெளிவர்ற ஒளி 5 மில்லிவாட். இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஒண்ணுமே இல்லாத நிலைக்கும் முழு பவருக்கும் நடுவுல வெறும் 10 மில்லி ஆம்ப்தான். அதாவது ஒரு மில்லி ஆம்ப் கூடினா அரை மில்லிவாட் கூடும். 38 மில்லி ஆம்ப் கொடுத்தா, டயோடு பிழைச்சிருந்தா, 9 மில்லிவாட் வரும்.

ரெண்டாவது விஷயம், அந்த ஒளி வெளிய வர்ற வாசல். சிப்போட ஓரத்துல கண்ணாடி மாதிரி ஒரு முகம் இருக்கும், அதைத்தான் ஃபேசெட்னு சொல்றாங்க. ஒளி வர்ற பகுதி அதுல சுமார் ஒரு மைக்ரான் உயரம், சில மைக்ரான் அகலம். 5 மில்லிவாட்ங்கிறது கேட்கச் சின்னதா இருக்கு. ஆனா அதை அந்தப் பரப்பால வகுத்துப் பாருங்க, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் வாட்டுக்கு மேல வரும். நம்ம தலைமேல அடிக்கிற உச்சி வெயில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 0.1 வாட்தான்.

கரண்ட் கூடி ஒளி கூடினா, அந்த முகம் கொஞ்சம் ஒளியை உறிஞ்சிச் சூடாகும். சூடான இடத்துல பேண்ட் கேப் சுருங்கும். பேண்ட் கேப் சுருங்கினா இன்னும் அதிக ஒளியை உறிஞ்சும். இன்னும் சூடாகும். இந்தச் சுழற்சி ஒரு தடவை கிளம்பிட்டா முகம் உருகித்தான் நிக்கும். கண்ணாடி போனதும் லேசர் போச்சு, ஆனா ஜங்ஷன் அப்படியே இருக்கும். அதனாலதான் செத்த டயோடு எல்.ஈ.டி.யா மாறிடுது. என் பென்சில் பாக்ஸ்ல இருக்கற மூணும் அந்த வகைதான்.

ஏன் வோல்டேஜ் செட் பண்ணக்கூடாது?

"டயோடுக்கு 2.2 வோல்ட்னு போட்டிருக்கு, சப்ளைல 2.2 செட் பண்ணிட்டா போச்சு"ன்னு என் டீம்மேட் சொன்னான். கேட்கச் சரியா இருந்துச்சு. ஆனா ஆன் ஆன டயோடோட உள் ரெசிஸ்டன்ஸ் சில ஓம்தான். 5 ஓம்னு வெச்சுக்கோங்க. வோல்டேஜ்ல 0.1 வோல்ட் பிசகினா கரண்ட்ல 20 மில்லி ஆம்ப் பிசகும். 30 ஓட வேண்டிய இடத்துல 50 ஓடும்.

இதுல வெப்பமும் சேரும். டயோடு சூடாகச் சூடாக, அதே கரண்டுக்குத் தேவைப்படுற வோல்டேஜ் டிகிரிக்கு சுமார் 2 மில்லி வோல்ட் குறையும். நீங்க வோல்டேஜை மாத்தாம வெச்சிருந்தா கரண்ட் ஏறும், கரண்ட் ஏறினா சூடு ஏறும், சூடு ஏறினா மறுபடி கரண்ட் ஏறும். செகண்ட் இயர்ல தெர்மல் ரன் அவேன்னு வைவாவுக்கு மனப்பாடம் பண்ணோமே, அதேதான்.

அதனால முதல் விதி: லேசர் டயோடுக்கு வோல்டேஜ் கொடுக்காதீங்க, கரண்ட் கொடுங்க. வோல்டேஜ் எவ்வளவு வேணும்னு டயோடே முடிவு பண்ணிக்கும்.

மூணு சாவு, மூணு பாடம்

முதல் டயோடு. லேப்ல ஆர்.பி.எஸ்.ல 5 வோல்ட் வெச்சு, கரண்ட் லிமிட்டை 30 மில்லி ஆம்ப்ல செட் பண்ணேன். கான்ஸ்டன்ட் கரண்ட் மோடு இருக்கே, பிறகென்ன பயம்? வயரை டயோடுல தொட்டேன். ஒரு கணம் பளிச்னு அடிச்சது, அப்புறம் மங்கல். நடந்தது என்னன்னா, சப்ளையோட அவுட்புட்ல பெரிய கெப்பாசிட்டர் இருக்கு. டயோடு இணைக்கறதுக்கு முன்னாடியே அது 5 வோல்ட்டுக்கு சார்ஜ் ஆகி உட்கார்ந்திருக்கும். தொட்ட உடனே அதுல இருக்கற சார்ஜ் எல்லாம் ஒரே அடியா டயோடுல பாயும். கரண்ட் லிமிட் சர்க்யூட் முழிச்சுப் பார்க்கறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். மீட்டர்ல 30-னு காட்டினது உண்மைதான். ஆனா அது சாவுக்கு அப்புறம் காட்டின 30.

ரெண்டாவது டயோடு. இந்த முறை எல்.எம்.317 வெச்சு ஒழுங்கா டிரைவர் போட்டேன். பிரெட்போர்டுல. பத்து நிமிஷம் அழகா ஓடுச்சு. சோலார் பேனலை நகர்த்தும்போது வயர் லேசா ஆடுச்சு, லேசர் ஒரு தடவை அணைஞ்சு எரிஞ்சது, அதோட சரி. அவுட்புட்ல நான் 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் போட்டிருந்தேன். டயோடு கழண்ட அந்தச் சின்ன நேரத்துல, எல்.எம்.317 தன்னோட கரண்டை எங்கயாவது தள்ளணுமே, அந்தக் கெப்பாசிட்டருக்குள்ள தள்ளிடுச்சு. மறுபடி கான்டாக்ட் ஆனப்போ முதல் டயோடுக்கு நடந்ததே இதுக்கும் நடந்துச்சு. லூஸ் கான்டாக்ட்ங்கிறது எல்.ஈ.டி.க்கு சிமிட்டல். லேசர் டயோடுக்கு அது மரணம்.

மூணாவது டயோடு. சரி, பிரெட்போர்டே வேண்டாம்னு ஜெனரல் பர்பஸ் போர்டுல சால்டர் பண்ணேன். ஹாஸ்டல் ரூம், ரெண்டு பின் பிளக் வெச்ச சால்டரிங் அயர்ன், எர்த் கிடையாது. கீழ பிளாஸ்டிக் பாய். ஆன் பண்ணினதுமே மங்கல். சூடு அதிகமாச்சா, ஸ்டாட்டிக் அடிச்சுதா, அயர்ன்ல இருந்து லீக்கேஜ் வந்துச்சா, மூணுல எது கொன்னுச்சுன்னு என்னால நிரூபிக்க முடியாது. ஆனா மூணையும் தடுத்திருக்கலாம்.

லேப் அண்ணாகிட்ட போய் நின்னேன். கதை முழுக்கக் கேட்டுட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "தம்பி, டம்மி லோடு போட்டுப் பார்த்தீங்களா?" நாங்க போடல. அப்படி ஒண்ணு இருக்கறதே அன்னைக்குத்தான் தெரியும்.

எளிய வழி: ஒரே ஒரு ரெசிஸ்டர்

சின்னச் சிவப்பு டயோடுக்கு ரெசிஸ்டரே போதும், இதை யாரும் கேவலமா நினைக்க வேண்டாம். கடையில கிடைக்கிற மலிவான 5 வோல்ட் லேசர் மாட்யூல்ல பெரும்பாலும் உள்ளே இருக்கறதும் ஒரு ரெசிஸ்டர்தான். கணக்கு சுலபம்: சப்ளை வோல்டேஜ்ல டயோடு வோல்டேஜைக் கழிச்சு, கரண்டால வகுக்கணும்.

5 வோல்ட் சப்ளைன்னா 5-ல 2.2 போக 2.8 வோல்ட். 100 ஓம் போட்டா 28 மில்லி ஆம்ப்.

9 வோல்ட் பேட்டரின்னா கொஞ்சம் கவனிக்கணும். புது பேட்டரி 9.5 வோல்ட் வரைக்கும் காட்டும். அதனால 9-க்கு இல்ல, 9.5-க்குக் கணக்குப் போடுங்க. 240 ஓம் போட்டா 9.5 வோல்ட்ல 30 மில்லி ஆம்ப், 9 வோல்ட்ல 28. ரெசிஸ்டர்ல வீணாகிற பவர் 0.2 வாட்டுக்கு மேல போகுது, கால் வாட் ரெசிஸ்டர் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும், அரை வாட் வாங்குங்க. பேட்டரி 7 வோல்ட்டுக்கு இறங்கினா கரண்ட் 20-க்கு வந்துடும், லேசர் அணைஞ்சிடும். இது குறைதான். ஆனா இது பாதுகாப்பான பக்கம் விழுற குறை.

கொஞ்சம் நல்ல வழி: எல்.எம்.317

இந்த ஐ.சி.யோட ஒரே கொள்கை: தன்னோட அவுட்புட் பின்னுக்கும் அட்ஜஸ்ட் பின்னுக்கும் நடுவுல எப்பவும் 1.25 வோல்ட் வெச்சிருக்கும். அந்த ரெண்டு பின்னுக்கும் நடுவுல ஒரு ரெசிஸ்டர் போட்டா, அதுல ஓடுற கரண்ட் 1.25-ஐ ரெசிஸ்டன்ஸால வகுத்தது. அந்தக் கரண்டையே அட்ஜஸ்ட் பின் பக்கத்துல இருந்து லேசருக்குக் கொடுத்தா கான்ஸ்டன்ட் கரண்ட் டிரைவர் ரெடி. 43 ஓம் போட்டா 29 மில்லி ஆம்ப். 51 ஓம் போட்டா 24.5.

எழுத்து இருக்கற பக்கம் உங்களைப் பார்த்து, கால் கீழ இருந்தா, இடமிருந்து வலமா அட்ஜஸ்ட், அவுட்புட், இன்புட். 7805 மாதிரி நினைச்சு மாட்டிடாதீங்க, அதோட வரிசை வேற.

கவனிக்க வேண்டியது நாலு.

ஒண்ணு, சப்ளை வோல்டேஜ். லேசருக்கு 2.2, ரெசிஸ்டருக்கு 1.25, ஐ.சி.க்குள்ள சுமார் 2. கூட்டினா 5.5 வோல்ட்டாவது வேணும். யூ.எஸ்.பி.ல வர்ற 5 வோல்ட் பத்தாது. 9 வோல்ட் அடாப்டர் போதும்.

ரெண்டு, பொட்டென்ஷியோமீட்டர். கரண்டை மாத்திப் பார்க்க ஆசையா இருக்கும். ஆனா ரெசிஸ்டர் இடத்துல பொட் மட்டும் போட்டு, அதை ஒரு ஓரத்துக்குத் திருப்பினா ரெசிஸ்டன்ஸ் 0. அப்போ ஐ.சி. தன்னால முடிஞ்ச கரண்டை எல்லாம் தள்ளும், அது ஆம்பியர் கணக்குல. அதனால பொட்டோட சீரிஸ்ல எப்பவும் ஒரு நிலையான 43 ஓம் இருக்கட்டும். பொட்டை எவ்வளவு திருப்பினாலும் 29-ஐத் தாண்டாது.

மூணு, அட்ஜஸ்ட் பின்னோட வயர். அது கழண்டா கரண்ட் நிக்காது, ஏறும். ஐ.சி. அவுட்புட் கிட்டத்தட்ட சப்ளை வோல்டேஜுக்கே போயிடும். 9 வோல்ட்ல 51 ஓம் போட்டிருந்தாலும் சுமார் 100 மில்லி ஆம்ப் பாயும். இந்தச் சர்க்யூட்டை பிரெட்போர்டுல போடக்கூடாதுங்கிறதுக்கு இது இன்னொரு காரணம்.

நாலு, அவுட்புட் கெப்பாசிட்டர். லேசருக்குக் குறுக்கே 0.1 மைக்ரோ ஃபாரட் செராமிக் ஒண்ணு போதும். பெருசா போட்டா சத்தம் குறையும்னு எங்கயோ படிச்சுட்டுத்தான் நான் ரெண்டாவது டயோடைக் கொன்னேன். அதுகூடவே ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரும் குறுக்கே போடுங்க, பவர் ஆஃப் பண்ணினதும் மிச்ச சார்ஜ் வடிஞ்சிடும். அது சுமார் 2 மில்லி ஆம்பைத் தனக்கு எடுத்துக்கும், பரவாயில்ல. கடைசியா ஒரு 1என்4148 டயோடைத் தலைகீழா குறுக்கே மாட்டுங்க. லேசர் டயோடு ரிவர்ஸ்ல பெரும்பாலும் 2 வோல்ட்தான் தாங்கும். பேட்டரியைத் தப்பாத் திருப்பி வெச்சாலும் இது காப்பாத்தும்.

டம்மி லோடு

லேப் அண்ணா சொல்லிக் கொடுத்தது இதுதான். லேசர் டயோடு இருக்க வேண்டிய இடத்துல முதல்ல மூணு 1என்4007 டயோடை வரிசையா மாட்டுங்க. மூணும் சேர்ந்து சுமார் 2.2 வோல்ட், அதாவது நம்ம லேசர் மாதிரியே. அதோட சீரிஸ்ல ஒரு 1 ஓம் ரெசிஸ்டர். அந்த 1 ஓம் மேல மல்டிமீட்டரை மில்லிவோல்ட்ல வெச்சா, எத்தனை மில்லிவோல்ட்டோ அத்தனை மில்லி ஆம்ப். 29 காட்டினா 29.

இதுல நல்லது என்னன்னா, நீங்க மல்டிமீட்டரைக் கரண்ட் மோடுல சர்க்யூட்டுக்கு நடுவுல சொருக வேண்டியதே இல்ல. ப்ரோப் நழுவினாலும் சர்க்யூட் துண்டாகாது. அந்த 1 ஓமை ஃபைனல் போர்டுலயும் அப்படியே விட்டுடுங்க, லேசர் ஓடும்போதே கரண்டைப் பார்த்துக்கலாம்.

டம்மி லோடோட பவரை இருபது தடவை ஆன், ஆஃப் பண்ணுங்க. லேப்ல டிஜிட்டல் ஸ்கோப் இருந்தா 1 ஓமுக்குப் பதிலா 10 ஓம் போட்டு, சிங்கிள் ஷாட்ல ஆன் ஆகிற அந்த நொடியைப் பிடிங்க. 300 மில்லிவோல்ட்டுக்கு மேல ஊசி மாதிரி ஏதாவது எழும்புதான்னு பாருங்க. எழும்பினா அந்த ஊசி குத்த வேண்டியது ஒரு ரூபா டயோடையா, லேசர் டயோடையான்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.

இணைக்கிற வரிசை

1. டயோடு கால்களை மெல்லிய கம்பியால ஒண்ணா சுத்தி ஷார்ட் பண்ணி வையுங்க. வாங்கின நிமிஷத்துல இருந்து சால்டர் பண்ணி முடிக்கிற வரைக்கும்.

2. எர்த் இருக்கற மூணு பின் அயர்ன். கையில ரிஸ்ட் ஸ்ட்ராப். ஒவ்வொரு காலுக்கும் 3 வினாடிக்குள்ள முடிச்சிடுங்க.

3. பவர் ஆஃப். டிரைவர் அவுட்புட்டை ஒரு வயரால ஷார்ட் பண்ணி மிச்ச சார்ஜை வடியுங்க. அப்புறம்தான் டயோடைச் சால்டர் பண்ணணும்.

4. மூணு கால் இருந்தா பயப்படாதீங்க. ஒண்ணு லேசர், ஒண்ணு உள்ளே இருக்கற மானிட்டர் ஃபோட்டோ டயோடு, ஒண்ணு ரெண்டுக்கும் பொது. எது எதுன்னு மாடலுக்கு மாடல் மாறும். டேட்டாஷீட் படம் கீழ இருந்து பார்த்த மாதிரி வரைஞ்சிருக்கான்னு ரெண்டு தடவை பாருங்க. மாத்தி மாத்தி வெச்சுப் பார்க்கலாம்ங்கிற வேலை இங்க ஆகாது.

5. டயோடு ஒரு அலுமினிய ஹவுசிங்ல இருக்கட்டும். ஷார்ட் கம்பியைக் கழட்டுங்க. டயோடு முகம் சுவரைப் பார்க்கட்டும். அதுக்கப்புறம் பவர் ஆன்.

6. பவர் ஓடும்போது லேசர் வயரைக் கழட்டாதீங்க, மாட்டாதீங்க. இதுக்கு விதிவிலக்கே இல்ல.

கரண்டை டேட்டாஷீட்டோட உச்சிக்குக் கொண்டு போகாதீங்கன்னு சொல்றதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சூடு ஏறினா த்ரெஷோல்டு ஏறும், ஒளி குறையும். குளிர்ந்தா த்ரெஷோல்டு இறங்கும், அதே கரண்ட்ல ஒளி கூடும். மே மாச மத்தியானம் ஹாஸ்டல் ரூம்ல 5 மில்லிவாட்டுக்குச் செட் பண்ணினது ஏ.சி. லேப்ல அதைத் தாண்டும். அதனால கொஞ்சம் கீழயே நிறுத்துங்க.

ஆர்டுயினோ வெச்சிருக்கறவங்களுக்கு

லேசர் மாட்யூலை நேரா டிஜிட்டல் பின்ல மாட்டுறது எல்லாரும் பண்ற தப்பு. யூனோல ஒரு பின்னோட உச்ச வரம்பு 40 மில்லி ஆம்ப், நிம்மதியா ஓட 20. மாட்யூலுக்கு 30 வேணும். ஓடும், ஆனா பின் பாவம். பி.சி.547 ட்ரான்சிஸ்டர் ஒண்ணு, பேஸுக்கு 1 கிலோ ஓம். மாட்யூலோட நெகட்டிவை கலெக்டர்ல மாட்டி, எமிட்டரைக் கிரவுண்டுல கொடுத்தா முடிஞ்சது.

பாட்டு அனுப்புறவங்க லேசரை முழுசா ஆன், ஆஃப் பண்ண வேண்டாம். நாங்க 51 ஓம் போட்டு 24.5 மில்லி ஆம்ப்ல நிறுத்திட்டு, போன்ல இருந்து வர்ற ஆடியோவை ஒரு கெப்பாசிட்டர், ஒரு 220 ஓம் வழியா லேசர் முனையில கலந்தோம். ஆடியோ ஒரு வோல்ட் வந்தாலும் 220 ஓம் அதை 4.5 மில்லி ஆம்ப்க்கு மேல விடாது. ஆக கரண்ட் 20-க்கும் 29-க்கும் நடுவுலயே ஆடும். ஜாக்கைப் பிடுங்கும்போது "டப்"னு ஒரு சத்தம் வருமே, அதையும் அந்த 220 ஓம்தான் தாங்குது.

கண்

இவ்வளவு நேரம் டயோடைக் காப்பாத்தறதைப் பேசினோம். இப்போ டயோடுக்கு எதிர்ல இருக்கறதைப் பேசுவோம்.

இருட்டுல நம்ம கண்மணி 7 மில்லிமீட்டர் வரைக்கும் விரியும். அதுக்குள்ள போற லேசர் கதிரைக் கண்ணோட லென்ஸ் விழித்திரையில சுமார் 20 மைக்ரான் புள்ளியாக் குவிக்கும். பரப்பளவுல கணக்குப் போட்டா ஒரு லட்சம் மடங்குக்கு மேல செறிவு. விழித்திரையில வலி தெரியாது. அதனால சுட்டுக்கிட்டதே தெரியாம போகலாம்.

1 மில்லிவாட் வரைக்கும் இருக்கற, கண்ணுக்குத் தெரியுற லேசரை கிளாஸ் 2-ன்னு சொல்றாங்க. கால் வினாடிக்குள்ள நாம கண்ணை மூடிடுவோம்ங்கிறதை நம்பித்தான் அந்த வரம்பே. 5 மில்லிவாட் வரைக்கும் 3ஆர், 500 மில்லிவாட் வரைக்கும் 3பி, அதுக்கு மேல 4. நம்ம டயோடு 3ஆர். இன்னும் 10 மில்லி ஆம்ப் ஏத்தினா 3பி. அதாவது உங்க லேசர் எந்த கிளாஸ்னு ஸ்டிக்கர் முடிவு பண்றதில்ல. நீங்க போட்ட ரெசிஸ்டர் முடிவு பண்ணுது.

ஸ்டிக்கரை ஏன் நம்பக்கூடாதுன்னா, அமெரிக்காவோட என்.ஐ.எஸ்.டி. நிறுவனம் 122 லேசர் பாயின்ட்டர்களைச் சோதிச்சு 2013-ல முடிவைச் சொன்னாங்க. பச்சைல கிட்டத்தட்ட 90 சதவீதமும், சிவப்புல 44 சதவீதமும் விதியை மீறியிருந்துச்சு. பச்சைல இன்னொரு ஆபத்தும் உண்டு. மலிவான பச்சை பாயின்ட்டர் பலதுல உள்ளே இருக்கறது 808 நானோமீட்டர் இன்ஃப்ராரெட் டயோடு. அது ஒரு கிறிஸ்டல்ல 1064 ஆகி, இன்னொரு கிறிஸ்டல்ல 532 ஆகித்தான் பச்சையா வருது. நடுவுல இன்ஃப்ராரெட்டைத் தடுக்கிற ஃபில்டர் இல்லைன்னா, பச்சையோட சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒளியும் வெளிய வரும். தெரியாத ஒளிக்குக் கண் சிமிட்டாது. 2010-ல இதே நிறுவனம் இப்படி ஒரு பாயின்ட்டரைப் பத்தித் தனியா எச்சரிக்கையே வெளியிட்டுச்சு.

பழைய டி.வி.டி. ரைட்டரைப் பிரிச்சு டயோடு எடுத்து தீக்குச்சி கொளுத்துற வீடியோ நானும் பார்த்திருக்கேன். அந்த டயோடெல்லாம் நூற்றுக்கணக்கான மில்லிவாட் கொடுக்கக்கூடியது. அதுல நேர்க் கதிர் மட்டுமில்ல, பளபளப்பான ஸ்க்ரூ தலையில பட்டுத் திரும்புற கதிரும் ஆபத்து. அந்த அலைநீளத்துக்கே செஞ்ச, ஆப்டிகல் டென்சிட்டி எழுதியிருக்கற கண்ணாடி இல்லாம அதைத் தொடக்கூடாது. கூலிங் கிளாஸ் போட்டா கண்மணி இன்னும் விரியும், அதனால அது பாதுகாப்பே இல்ல.

பாட்டு நின்ன கதை

எக்ஸ்போக்கு முந்தின ராத்திரி. ஸ்பீக்கர்ல சத்தம் கம்மியா இருக்குன்னு டீம்மேட் சொன்னான். "51-ஐ எடுத்துட்டு 33 போடுடா, செம்மையா கேட்கும்." 33 ஓம்னா 38 மில்லி ஆம்ப். நான் வேண்டாம்னு சொன்னேன். கண்ணை நினைச்சு இல்ல. கையில மிச்சம் இருந்தது ஒரே ஒரு டயோடு, அதுவும் போச்சுன்னா காலையில காட்ட ஒண்ணுமில்லங்கிற பயம்தான்.

மறுநாள் பக்கத்து ஸ்கூல்ல இருந்து பசங்க வந்தாங்க. ஒரு மேஜையில லேசர், 3 மீட்டர் தள்ளி இன்னொரு மேஜையில பேனல். நடுவுல ஒண்ணுமில்ல. நான் ஒரு மேம்கிட்ட எல்.எம்.317 பத்தி விளக்கிக்கிட்டு இருந்தேன். திடீர்னு பாட்டு நின்னுச்சு.

வயர் கழண்டுடுச்சுன்னு நினைச்சுத் திரும்பினேன். பேனல் முன்னாடி எட்டாவது படிக்கிற பையன் ஒருத்தன் குனிஞ்சு நின்னுக்கிட்டு இருந்தான். "அண்ணா, பாட்டு எங்கிருந்து வருது?"ன்னு கேட்டுக்கிட்டே லேசர் பக்கம் திரும்பினான். சிவப்புப் புள்ளி அவன் கன்னத்துல இருந்துச்சு. கன்னத்துல இருந்து கண்ணுக்கு ரெண்டு விரல் தூரம்.

நான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். அவனுக்கு ஒண்ணும் ஆகல. ஏன் இப்படி ஓடி வந்தாங்கன்னு அவனுக்குப் புரியவும் இல்ல. ஆனா எனக்குக் கை நடுங்குச்சு. எங்க மேஜையோட உயரம், குனிஞ்ச ஒரு எட்டாவது பையனோட கண் உயரம். இதை நாங்க ரெண்டு வாரத்துல ஒரு தடவை கூட யோசிக்கல. டயோடு சாகாம இருக்க எத்தனை கணக்குப் போட்டோம், அது யார் மேல விழும்னு ஒரு கணக்கும் போடல.

மதியம் கடைக்குப் போய் 10 அடி பி.வி.சி. எலக்ட்ரிக்கல் பைப் ஒண்ணு வாங்கிட்டு வந்தோம். லேசர் ஒரு முனையில உள்ளே, பேனல் மறுமுனையில மூடினபடி. நடுவுல ஹேக்ஸா பிளேடால ஒரு சின்னக் கீறல், அதுல பசங்க ஒரு கார்டைச் சொருகினா பாட்டு நிக்கும், எடுத்தா பாடும். கதிர் யார் கண்ணுக்கும் தெரியல. ஆனா அந்தக் கீறல்கிட்டத்தான் அன்னைக்கு நாள் முழுக்கக் கூட்டம்.

1962-ல ஜெனரல் எலெக்ட்ரிக்ல ராபர்ட் ஹால் குழு முதல் செமிகண்டக்டர் லேசரை எரிய வெச்சப்போ, அதைத் திரவ நைட்ரஜன்ல குளிர வெச்சு, துடிப்பு துடிப்பாத்தான் கரண்ட் கொடுத்தாங்க. சாதாரண அறை வெப்பத்துல தொடர்ந்து எரியுற டயோடு வர 1970 ஆச்சு. இன்னைக்கு அதே சாதனம் ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு சின்ன பிளாஸ்டிக் கவர்ல நம்ம கைக்கு வருது. அந்தக் கவர்ல எந்த எச்சரிக்கையும் இருக்காது.

அதனால ஜூனியர்ஸ், உங்ககிட்ட கேட்கறது மூணே மூணு. டம்மி லோடு போடாம டயோடை இணைக்காதீங்க. பவர் ஆன்ல இருக்கும்போது வயரைத் தொடாதீங்க. கதிர் போற பாதையை முழுக்க மூடுங்க. சத்தம் பத்தலைன்னா ஆம்ப்ளிஃபையர்ல ஏத்துங்க, லேசர்ல ஏத்தாதீங்க. நாலாவது டயோடு இன்னும் அந்தப் பைப்புக்குள்ளதான் இருக்கு, இன்னும் பாடுது. வேணும்னா லேப்ல வந்து பாருங்க. பைப்புக்குள்ள மட்டும் எட்டிப் பார்க்காதீங்க.